வும்பாலாத் திரைக்குப் பின்னே

"அரசர் என் கண்ணெதிரே பருக வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் மிச்சக் கள்ளை நான் தொடுவேன்!"

இப்படிச் சொன்னவள் ஓர் இளம்பெண். இதை மட்டும் கேட்கவே கூடாது என்று ஊரை விட்டுப் புறப்படும்போது ஒரு முறையும், படகில் வரும்போது பல முறையும், அன்று காலையில்கூட ஒரு முறையும் எச்சரிக்கப்பட்ட பெண். சொல்லி முடித்தபின் அவள் தலை குனியவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

சபையில் தலைகளெல்லாம் அவள் பக்கம் திரும்பின. வெளியே, செம்மண் குன்றின் உச்சியில் எழுந்து நின்ற மரக்கோட்டையின் கீழே, காங்கோ மாநதி மாலை வெயிலைத் தன் அகன்ற மார்பில் வாங்கிக்கொண்டு உருக்கிய செம்பாய் ஓடிக்கொண்டிருந்தது; எண்ணெய்ப் பனைகளின் கூந்தலுக்குள் சாம்பல் நிறக் கிளிகள் ஆயிரக்கணக்கில் வந்து அடைந்துகொண்டிருந்தன; கிழக்கே காட்டின் விளிம்பில் வெளிறிய நிலவு, வரலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல எட்டிப் பார்த்தது.

அரண்மனை என்றதும் பளிங்குத் தூணையும் பவழ மாலையையும் தேடுகிற வாசகர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். இது ஆப்பிரிக்கக் கண்டத்தின் நடுவயிற்றில் இருந்த வும்பாலா நாடு. பட்டை விடப் பளபளக்கும் பனைநார்த் துணியால் சுவர்களை மூடிய சபை, சிறுத்தைத் தோல் விரித்த மேடை, அந்த மேடையை மறைத்துத் தொங்கும் ஒரு பெரிய திரை. இந்த மண்ணில் இருந்தவர்களுக்கு அரசாளத் தெரியாது, ராஜதந்திரம் தெரியாது என்று யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால், சொல்லிக்கொடுத்தவருக்குத்தான் ஒன்றும் தெரியாது.

அந்த நாட்டில் முடிசூடிய அரசர் உண்பதையும் பருகுவதையும் எவரும் காணக் கூடாது. திரைக்குப் பின்னே செம்பு மணி ஒலித்தால் சபை முழுவதும் நெற்றியைத் தரையில் பதிக்க வேண்டும். கண்டவருக்கு மரணம். நட்பு உடன்படிக்கையும் இப்படித்தான் நிலைபெறும்: அரசர் திரைக்குள் பாதிக் கிண்ணம் கள் பருகுவார், மீதியை வெளியே அனுப்புவார், அண்டை நாட்டுத் தூதுக்குழுவில் பேசும் பொறுப்புடையவர் அதைக் குடித்துவிட்டால், இரு நாடுகளும் அடுத்த மழைக்காலம் முடியும்வரை ஒன்றன்மேல் ஒன்று ஆயுதம் எடுக்க முடியாது.

அந்தப் பொறுப்புடையவள்தான் நம் கதாநாயகி ந்சூசி. மேலாற்றில் உள்ள மசாங்கா நாட்டு அரசரின் 'நாவு' அவள். அரசர் சார்பாகப் பேசுவதும், கண்டதைக் கண்டபடி வந்து சொல்வதும் நாவின் வேலை. மீன் பிடிக்கும் குடியில் பிறந்து, அந்தக் குடியிலேயே முதன்முதலாக அரசவைப் படி ஏறியவள். ஏறியதற்காக அவள் யாரிடமும் நன்றியோடு குழைந்து நின்றதில்லை. அதனாலேயே அவளைப் பிடிக்காதவர்கள் ஏராளம்.

அவர்களுள் முதல்வர், குழுவின் தலைவரான மபியாலா. அவர் இப்போது கைகளைப் பிசைந்துகொண்டு எழுந்தார்.

"மகா சபையோர் மன்னிக்க வேண்டும்! இந்தப் பெண்ணுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். ஏதோ உளறுகிறாள்."

"எனக்குக் காய்ச்சல் இல்லை" என்றாள் ந்சூசி.

"இப்போது வரும், பாருங்கள்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் முணுமுணுத்தது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

மபியாலாவின் நடுக்கத்துக்கு வேறு காரணமும் உண்டு. உடன்படிக்கையைப் புதுப்பிக்க வந்திருப்பதாக அவர்கள் சொன்னது பாதி உண்மை. வும்பாலா அரசர் நான்கு மாதங்களாக வேட்டைக்கும் வரவில்லை, திருவிழாவுக்கும் வரவில்லை. அவர் இறந்துவிட்டாரா? இறந்திருந்தால், கிழக்கு மலைநாடான கடேம்புவோடு சேர்ந்து வும்பாலாவைத் தாக்க மசாங்கா அரசர் முன்னூறு படகுகளை நிறுத்தி வைத்திருந்தார். உயிரோடு இருந்தால் நட்பு, இல்லையேல் போர். ஓசையின்றி மோப்பம் பிடித்து வர வேண்டும் என்பது கட்டளை. மூன்று நாள் மோப்பம் பிடித்தும் ஒன்றும் தெரியவில்லை. ந்சூசிக்குப் பொறுமை தீர்ந்தது, கேட்டுவிட்டாள்.

திரைக் காவலர் தலைவன் லுவும்பு முன்னே வந்தான். உயரமானவன், பேச்சில் குறும்பு நிறைந்தவன். மூன்று நாளும் அவளைத் துறையிலிருந்து சபைக்கும், சபையிலிருந்து விருந்து மனைக்கும் அழைத்துச் சென்றவன் அவன்தான். இப்போது அவன் முகத்தில் குறும்பு இல்லை. வாள் உறையிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது.

"மசாங்காவின் நாவே! தாங்கள் கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். நான் கெஞ்சுகிறேன்."

"தளபதியார் கெஞ்சுவதென்றால் வாளை உள்ளே போட்டுவிட்டுக் கெஞ்ச வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எதை நம்புவது?"

அப்போது திரைக்குப் பின்னிருந்து மணி ஒலித்தது. ஒருமுறை அல்ல, மூன்று முறை. சபை கலைய வேண்டும் என்பது அதன் பொருள். பெரியவர்களும் சிறியவர்களும் பின்னோக்கி நடந்து வெளியேறினார்கள். மபியாலாவை இரண்டு காவலர்கள் மரியாதையாகவே தள்ளிக்கொண்டு போனார்கள். லுவும்புவும் ந்சூசியும் மட்டும் எஞ்சினார்கள்.

"லுவும்பு, திரையை விலக்கு" என்றது ஒரு குரல்.

அது ஆணின் குரல் அன்று!

திரை விலகியது. சிறுத்தைத் தோலின்மேல் நடுவயதுப் பெண்மணி ஒருத்தி அமர்ந்திருந்தாள். மணிமுடி இல்லை, மாலை இல்லை. கறுத்து மெலிந்த அந்த முகத்தில், பல இரவுகள் உறங்காத கண்கள் இரண்டும் ஒளிவீசின. காலடியில் களிமண் பலகைகளும் நாரில் முடிந்த கணக்கற்ற முடிச்சுகளும் கிடந்தன; எந்த நாட்டுக்கு எப்போது யாரை அனுப்பினோம் என்று நினைவூட்டும் முடிச்சுகள் அவை. அவள் கிண்ணத்தை எடுத்தாள். ந்சூசியை நேராகப் பார்த்துக்கொண்டே பாதியைப் பருகினாள். புறங்கையால் உதட்டைத் துடைத்தாள்.

"பார்த்துவிட்டாயா? திருப்திதானே?"

ந்சூசி ஓரடி முன்னே வைத்தாள். "தாங்கள்..."

"லுசாம்பா. அரசரின் தமக்கை. தம்பி இறந்து நான்கு மாதம் ஆகிறது. கோட்டைக்குள்ளேயே புதைத்தோம். அழக்கூட விடவில்லை யாரையும்."

லுவும்பு மண்டியிட்டான். "அம்மணி! சட்டம் இவரைக் கொல்லச் சொல்கிறது."

"எனக்கு யார் முடிசூட்டினார்கள்? சட்டம் முடிசூடிய தலைக்கு. இவள் பார்த்தது தாகம் எடுத்த ஒரு பெண்பிள்ளையை. வாளை உள்ளே போடு, நெடுநேரமாக அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறாய்."

வாசகர்களே, அந்த நான்கு மாதங்களில் லுசாம்பா செய்ததை நினைத்தால் கைகூப்பத் தோன்றும். மூன்று அண்டை நாடுகளுக்கு ஏழு தூதுகள். தெற்கு நாட்டாருடன் எல்லைச் சண்டை மூண்டபோது, இரு தரப்புக் கிழவிகளையும் ஆற்றுத்தீவில் உட்கார வைத்துப் பேசவிட்டு முடித்தாள். கடேம்புவின் படை மலையிறங்கத் தொடங்கியபோது, அவர்களுக்கு உப்பு போகும் வழியை மூடாமல் அகலத் திறந்துவிட்டாள். உப்பு தரும் கையை வெட்ட மலைநாட்டு வீரர்கள் தயங்கினார்கள். ஓர் அம்புகூட எய்யாமல் ஒரு நாட்டைக் காப்பாற்றி வைத்திருந்தாள், அதுவும் இறந்துபோன ஒருவரின் பெயரில்.

"உன் பெயரைக் கேட்ட நாளிலிருந்து உன்னோடு பேச நினைத்தேன்" என்றாள் லுசாம்பா. "ந்சூசி என்பது இரட்டையரில் பின்னால் பிறந்தவளுக்கு வைக்கும் பெயர். முன்னால் பிறந்தவள் ந்சிம்பாவாக இருக்க வேண்டும். அவள் எங்கே?"

ஆற்றங்கரை நாடுகளில் எல்லாம் இரட்டையருக்கு இவை இரண்டே பெயர்கள். ஒன்றைச் சொன்னால் இன்னொன்றைக் கேட்பார்கள். அதனால்தான் ந்சூசி தன் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்விக்குப் பயந்தாள்.

"தங்கள் துறையில்தான் அடிமையாகப் படகேற்றினார்கள்" என்றாள். "மசாங்கா அரசர் கயிற்றில் கட்டி அனுப்பினார். தங்கள் தம்பி வாங்கிக் கடற்கரை வணிகர்களுக்குக் கொடுத்தார். பதினாறு வயது. நட்பு நாடுகள் அல்லவா, ஒருவருக்கொருவர் ஒத்தாசை!"

லுசாம்பா ஆறுதல் சொல்லவில்லை. "நானும் அப்போது இந்தக் கோட்டையில்தான் இருந்தேன். கயிற்றில் கட்டியவர்களை இழுத்துப் போகிற சத்தம் கேட்கும். எழுந்து கதவைச் சாத்திக்கொள்வேன்" என்றாள். "தம்பி கண்ணை மூடிய அன்றே துறையை மூடினேன். அன்றிலிருந்து ஒரு கயிறும் போகவில்லை. அவன் இறந்தது தெரிந்தால் ஒன்பது குடித்தலைவர்கள் கூடிப் புது அரசரைத் தேர்வார்கள். நால்வர் என் பக்கம். இன்னும் ஒருவர் வேண்டும். மழைக்காலம் முடிவதற்குள் வந்துவிடுவார். அதற்குள் உங்கள் படகுகள் வந்தால், துறை திறக்கும்."

மூன்று நாளாகத் துறையில் அடிமைகளை அடைக்கும் கூண்டுகள் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்து வியந்தது ந்சூசிக்கு இப்போது விளங்கியது. தன் அரசரும் கடேம்புவும் போருக்குத் துடிப்பது இந்தத் துறையைத் திறக்கத்தான் என்பதும் விளங்கியது.

லுசாம்பா கிண்ணத்தை நீட்டினாள். உடனே பின்னுக்கு இழுத்தாள்.

"பொய் சொன்ன நாவை உங்கள் நாட்டில் என்ன செய்வார்கள்?"

"அறுப்பார்கள்."

"இதைக் குடித்தால், தம்பி உயிரோடு இருக்கிறான் என்று உன் அரசரிடம் நீ சொல்ல வேண்டியிருக்கும். யோசித்துக்கொள். உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். நீ உண்மையைச் சொன்னாலும் பத்திரமாகப் படகேற்றி அனுப்புவேன். தூதரைத் தொட்ட நாடு என்ற பெயர் வேண்டாம் எனக்கு."

"இப்படியா அரசியல் செய்வது?" என்றாள் ந்சூசி எரிச்சலோடு. "மிரட்டவாவது செய்யுங்கள். எனக்குக் கோபப்பட ஒரு காரணம் கிடைக்கும்."

லுசாம்பா முதன்முறையாகச் சிரித்தாள். ந்சூசி அவள் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினாள்; புளிப்பேறிய கள்ளை ஒரே மூச்சில் குடித்தாள்; வெறுங்கிண்ணத்தைச் சிறுத்தைத் தோலின்மேல் கவிழ்த்துவிட்டுத் திரும்பினாள். வணங்கக்கூட இல்லை.

லுவும்பு வாசல்வரை கூடவே வந்தான்.

"என்னைக் கொன்றிருப்பீரா?" என்று கேட்டாள்.

"வாளைப் பாதி உருவினேன். மீதிப் பாதி வரவே இல்லை."

"நல்ல காவலர்தான்!"

"தாங்கள் இங்கேயே தங்கிவிடலாம்" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "அம்மணிக்கு ஒரு நாவு வேண்டும். எனக்கும்... வாய்ச்சண்டை போட ஓர் ஆள் வேண்டும்."

"நான் திரும்பாவிட்டால் சந்தேகப்பட்டு நாளையே படகுகள் புறப்படும். போய்த்தான் ஆக வேண்டும். மழைக்காலம் முடியட்டும், தளபதியாரே. அப்போதும் என் வாயில் நாக்கு இருந்தால், வந்து பதில் சொல்கிறேன்."

கதவு திறந்தது. முற்றத்தில் தீவட்டிகளின் நடுவே மபியாலா பாய்ந்து வந்து அவள் முழங்கையைப் பற்றினார்.

"என்ன ஆயிற்று? இறந்துவிட்டாரா? சீக்கிரம் சொல்!"

"உயிரோடுதான் இருக்கிறார்."

"பார்த்தாயா? நீயே பார்த்தாயா?"

"முகத்தைக் காட்டினார். பருகும்போது தரையைப் பார்க்கச் சொன்னார், பார்த்தேன். ஆள் நம்மையெல்லாம் புதைத்துவிட்டுத்தான் போவார். மிச்சக் கள்ளை நான் குடித்தாயிற்று. மழை முடிகிறவரை ஒருவரும் வில்லைத் தொட முடியாது."

மபியாலாவின் முகம் தொங்கியது. "யாரைக் கேட்டுக் குடித்தாய்? என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? நம் அரசர் சபையில் இதையே சொல்வாயா? உன் நாக்கின்மேல் ஆணையாகச் சொல்வாயா?"

ந்சூசி அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கையிலிருந்து எடுத்தாள்.

"சொல்வேன்."

தூதுக்குழுத் தலைவருக்கு முன்னால் வேறு எவரும் கோட்டை வாயிலைத் தாண்டக் கூடாது என்பது மசாங்காவின் மரபு. அவள் அவரைத் தாண்டி, கோட்டை வாயிலைத் தாண்டி, நிலவு ஏறத் தொடங்கியிருந்த செம்மண் சரிவில் துறையை நோக்கி வேகமாக இறங்கினாள்.