பொய்க்காரப் பெட்டி

சுருட்டையின் சித்தி நன்றாகப் படம் எடுப்பார். வெளிச்சம் அழகாக விழும். நிறங்கள் பளிச்சென்று இருக்கும். ஒரே ஒரு குறைதான். எல்லாம் சாய்ந்திருக்கும்.

ரொட்டிக்கடையைப் படம் எடுப்பதுதான் சித்திக்குக் கிடைத்த முதல் வேலை. படங்களைப் பார்த்த கடைக்காரம்மா, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏம்மா, என் கடை என்ன கப்பல்லயா இருக்கு? கேக்கெல்லாம் வழுக்கி விழுந்துடும் போலிருக்கே."

"நாளைக்கு வேற எடுத்துத் தரேங்க," என்றார் சித்தி.

"எடு. அதுவும் சாய்ஞ்சா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும்."

வெளியே வந்த சித்தியின் முகம் சுண்டிப் போயிருந்தது. சுருட்டை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய தலைமுடிக்கு வைத்த பெயர் அவளுக்கே ஒட்டிக்கொண்டுவிட்டது.

இருவரும் நேராகக் கேமரா சாமான் விற்கும் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் ஒரு சின்ன ரசமட்டத்தை மேஜையில் வைத்தார். பச்சைத் தண்ணீருக்குள் ஒரு குமிழி இருந்தது.

"பாருங்க, குமிழி ரெண்டு கோட்டுக்கும் நட்டநடுவுல நிக்குது. அப்படின்னா மேஜை நேரா இருக்குன்னு அர்த்தம். இதைக் கேமரா தலையில வெச்சுக்கோங்க. கவலையே வேண்டாம்."

அப்போது அவருடைய பேனா உருண்டு சுவர்ப் பக்கம் விழுந்தது. அவர் குனிந்து எடுத்து மறுபடியும் மேஜையில் வைத்தார். மேஜை மேல் படுத்திருந்த பூனையை முறைத்தார்.

"உன் வேலைதானே? நாள் முழுக்க இதைத் தள்ளி விடுறதே உனக்குப் பொழப்பு."

பூனை கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

சுருட்டை மூலையில் கிடந்த ஒரு குட்டிப் பெட்டியைக் காட்டினாள். "மாமா, அது என்ன?"

"எத்தனை டிகிரி சாய்ஞ்சிருக்குன்னு நம்பர்ல காட்டும் பாப்பா. ஆனா சுத்தப் பொய்க்காரப் பெட்டி."

அவர் அதை மேஜையில் வைத்தார். திரையில் 2 என்று வந்தது. பக்கத்தில் ஒரு அம்பு, சுவர்ப் பக்கம் இறக்கம் என்று காட்டியது.

"பார்த்தியா? நேரா இருக்கற மேஜையைப் போய் சாய்ஞ்சிருக்குங்குது."

சுருட்டைக்குப் பெட்டியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த நேரத்தில் பேனா மறுபடியும் உருண்டது. அதே சுவர்ப் பக்கம். பூனை தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

"மாமா, இந்தப் பெட்டியைத் திருப்பி வெச்சுப் பார்க்கட்டுமா?"

"எதுக்கு?"

"அது பொய் சொன்னா, திருப்பும்போது பொய்யும் கூடவே திரும்பும்ல?"

பெட்டியின் வலது முனையை இடது பக்கம் வருமாறு திருப்பி வைத்தாள். அதே 2. அம்பும் அதே சுவர்ப் பக்கம்தான் காட்டியது.

பிறகு ரசமட்டத்தை அதேபோல் திருப்பினாள். நடுவில் நின்ற குமிழி குடுகுடுவென்று ஓரத்துக்கு ஓடிவிட்டது.

"ஒரே இடத்துல வெச்சும் இது ரெண்டு பதில் சொல்லுதே," என்றார் சித்தி மெதுவாக.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அப்போ சாய்ஞ்சிருக்கறது என் மேஜையா?"

சுருட்டை ஓர் அட்டையை மடித்து, சுவர்ப் பக்கக் கால்களுக்கு அடியில் செருகினாள். திரையில் 1 வந்தது. இன்னும் ஒரு மடிப்பு. 0.

சித்தி பேனாவை எடுத்து மேஜையில் வைக்க, மூவரும் அதைப் பார்த்தார்கள். அது அசையவே இல்லை.

"பொய் சொல்லாத பெட்டியைப் பொய்க்காரன்னேன். தள்ளாத பூனையைத் திட்டினேன். என்னை என்ன பண்றது?" என்று கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். பூனையின் கழுத்தையும் தடவிக் கொடுத்தார்.

சித்தி பெட்டியைத்தான் வாங்கினார்.

மறுநாள் ரொட்டிக்கடையில் கேமராவின் தலையில் பெட்டி உட்கார்ந்தது. சுருட்டை எண்ணைப் படித்தாள். "இன்னும் கொஞ்சம், சித்தி... இன்னும் கொஞ்சம்... இப்போ எடுங்க."

கடைக்காரம்மா படங்களைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் பார்த்தார்.

"கப்பல் கரைக்கு வந்துடுச்சும்மா," என்றார் கடைக்காரம்மா. "அடுத்த வாரம் என் தங்கச்சி கடையையும் நீயே எடுத்துடு."

சித்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சுருட்டை பெட்டியைக் கையில் எடுத்து, பெரிய கேக் இருந்த தட்டில் வைத்துப் பார்த்தாள்.

0. கேக் எங்கேயும் வழுக்கிப் போகாது, அவளுடைய தட்டுக்கு வரும்வரை.