செவ்வாய்க்கிழமை மெழுகிய தரை

ஞாயிற்றுக்கிழமை மெழுகிய உள்ளறை, செவ்வாய் மதியமாகியும் நடுவில் காயவில்லை.

சாணித் தரை ஓரத்திலிருந்துதான் காயும். சிரட்டைக் கரி சேர்த்த கறுப்பு மினுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி உள்ளே வந்து, மதியத்துக்குள் பாய் விரிக்கலாம். இங்கே ஓராள் நீளத்துக்கு ஈரம் அப்படியே கிடந்தது. துரு மணத்தது. சத்தியபாய் பார்த்துக்கொண்டு நின்றாள். பயம்கூட யாருடையதோ போலிருந்தது.

கனகதாஸ் அதற்கு அடியில் இருந்தான். குமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டுமென்று ஊர்வலம் போன கணவன், போலீஸ் சுட்ட குண்டை வயிற்றில் சுமந்து திரும்பிச் செத்தான். கல்லறைக்குக் கொண்டுபோனால், ஊர்வலத்தில் கூடப் போன தம்பி விஜயதாஸைப் போலீஸ் பிடிக்கும். அவனே குழிவெட்டி அண்ணனைப் புதைத்துவிட்டு மலையோரம் ஒளிந்திருக்கிறான்.

"சத்தியபாயீ!"

சபையிலிருந்து வீடு சந்திக்க வரும் லீலாபாய். ஜெபிப்பதோடு, யார் வீடு சுத்தம் என்று பெண்கள் கூட்டத்தில் சொல்வதும் அவள்தான். பானையின் அடியைத் தடவி விரலை முகர்ந்தாள்.

"பிரேமகுமாரி வீட்டுல கோழியாக்கும் கட்டிலுல கிடக்கு. உனக்க வீடுதான் வீடு, மக்கா. கனகதாஸ் எங்க?"

"திருவனந்தபுரத்துல வேலை உண்டுண்ணு போனாரு, அக்கா."

லீலாபாய் உள்ளறையை எட்டிப் பார்த்தாள். "ஞாயிறு கோயிலுக்குப் போக சனியாழ்ச்சையில்லா மெழுகுவோம்? இண்ணைக்கு செவ்வா!"

சுத்தத்துக்கும் கிழமை உண்டு. கிழமை தவறிய சுத்தம், எதையோ துடைத்ததாகத்தான் தெரியும்.

"பூனை கக்கிச்சு, அக்கா."

"நல்லதாப் போச்சு. இந்தத் தரையில சோறு போட்டுத் தின்னலாம். வா, ஜெபிப்போம்."

லீலாபாய் நடுவில் போய் முழங்காலிட்டுக் கண்ணை மூடினாள். சத்தியபாயால் மூட முடியவில்லை.

மெழுகுகிறவள் குத்தவைத்துப் பின்னால் நகர்ந்து வருவாள். அதனால் கை தேய்த்த வளைவுகள் வாசலில் வந்து முடியும். இப்போது சுவரோரம் ஒரு வளைவு விழுந்தது. நாலு விரல் அகலம். கை இல்லை. பக்கத்தில் இன்னொன்று.

சரக். சரக்.

வாசலை நோக்கி அல்ல. நடுவை நோக்கி.

கூப்பிட்டால் அக்கா பார்ப்பாள். பார்த்தால் ஊர் அறியும். விஜயதாஸ் பிடிபடுவான்.

வளைவுகள் லீலாபாயைச் சுற்றின.

"நல்ல குளுமை," என்று ஜெபத்தின் நடுவே முனகினாள். "ஆமென் சொல்லு, மக்கா."

"ஆமென்."

லீலாபாய் எழப் பார்த்தாள். கால்கள் இல்லை. தொடைகள் தரையிலிருந்தே தொடங்கின. இணைந்த இடம் தெரியாமல், மட்டமாக, மினுமினுவென்று மெழுகியிருந்தது.

அடுத்த வளைவு அவள் மடியில் விழுந்தது.