கை ஒழியாதவர்

அந்தப் பழைய காரில் ஏதோ சரியில்லை என்று அவள் முதலில் உணர்ந்தது திருப்பங்களில்தான். தெருமுனை வருவதற்குக் கொஞ்சம் முன்பே ஸ்டியரிங் ஒரு விரல் அளவு தானாகத் திரும்பிக்கொள்ளும். கணவரின் கைகள் அதற்குப் பிறகுதான் திரும்பும். பிரேக்கும் அப்படித்தான் என்றார் அவர். கால் வைப்பதற்குள் மிதி மெதுவாக உள்ளே போய்விடுகிறதாம், பக்கத்தில் இன்னொருவர் மிதிப்பது போல. மெக்கானிக் வண்டிக்கு அடியில் அரைநாள் படுத்துக் கிடந்துவிட்டு, முதுகைத் தட்டியபடி எழுந்து, "பழைய வண்டிங்க. அதுக்குன்னு ஒரு புத்தி இருக்கும்" என்று முடித்துக்கொண்டார்.

அவள் புகைப்பட ஸ்டூடியோ வைத்திருந்தாள். கல்யாண ஜோடிகளைப் பக்கத்தில் நிறுத்திப் படமெடுக்கத்தான் அந்தத் தந்த நிறக் காரை ஆசைப்பட்டு வாங்கினாள். கறுப்புக் கூரை, அகன்ற முன்விளக்குகள், குனிந்தால் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் பம்பர். உள்ளே பழைய தோலின் மணமும் பெட்ரோல் மணமும் கலந்திருக்கும். அவற்றுக்கு அடியில், எத்தனை தடவை துடைத்தாலும், ஓட்டுநர் இருக்கையிலிருந்து வேர்வை வாடை வந்துகொண்டே இருந்தது. பழைய வேர்வை அல்ல. இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி.

ஆனால் அதைப் பற்றியெல்லாம் யோசிக்க அவளுக்கு நேரமில்லை. வண்டி இன்னும் அவள் பெயருக்கு மாறவில்லை. பெயர் மாறாமல் காப்பீடு கிடையாது. காப்பீடு இல்லாமல் இன்னொரு தடவை மாட்டினால் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்வோம் என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டார்.

"பதிவுல இருக்கற ஓனர் கையெழுத்து வேணும் மேடம்" என்றார் போக்குவரத்து அலுவலக எழுத்தர், வழக்கம்போல் நிமிராமல். "உங்களுக்கு வித்தவர் ஓனரே இல்ல. அவருக்கு வித்தவரும் இல்ல."

"அப்ப இத்தனை வருஷமா யார் பேர்லங்க ஓடுது?"

"முதல்ல வாங்கினவர் பேர்லதான். அவரைக் கூட்டிட்டு வாங்க, இல்லாட்டி கையெழுத்தாவது வாங்கிட்டு வாங்க."

அவளுக்கு விற்றவர் ஒரு பல் டாக்டர். மூன்று தடவை போனில் பிடிக்க முடியாமல் கடைசியில் பல்வலி என்று பொய் சொல்லி நேரம் வாங்கிக்கொண்டு நேரிலேயே போய் நின்றாள். அவளைப் பார்த்ததும் முகமூடிக்கு மேலே அவர் கண்கள் சுருங்கின.

"நீங்க ஏன் பேர் மாத்தல டாக்டர்?"

"மாத்தலாம்னுதான் அவர் வீட்டுக்குப் போனேன். பார்த்தேன். வந்துட்டேன்."

"எதைப் பார்த்தீங்க?"

அவர் நாற்காலியில் படுத்திருந்தவர் பக்கம் திரும்பி, "நல்லா வாயைத் திறங்க" என்றார். அதன்பின் அவள் கேட்டது எதுவும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வாசல் வரை வந்துவிட்ட பிறகு, அவள் முதுகைப் பார்த்துச் சொன்னார். "மாத்தாமலே ஓட்டுங்களேன். நாங்க எல்லாரும் அப்படித்தான் ஓட்டினோம்."

அவருக்கு முன்னால் வைத்திருந்த கட்டட கான்ட்ராக்டர், கார் என்ற பேச்சை எடுத்ததுமே போனை வைத்துவிட்டார். ஆளாளுக்கு அவளைப் பந்தாடினார்கள். முதல் உரிமையாளரின் விலாசத்தில் இருந்த தெருவுக்கு எப்போதோ வேறு பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டு எண்களையும் மாற்றிவிட்டார்கள். தபால்காரர் ஒருவர் புண்ணியத்தில்தான் அது எந்தச் சந்து என்றே தெரிந்தது.

மழை விட்ட ஒரு மாலையில் கணவர் அவளை அந்தச் சந்தின் முனையில் இறக்கிவிட்டார். "இங்க வண்டி நிறுத்த இடமே இல்ல. நான் ஒரு சுத்து சுத்திட்டு வரேன். சீக்கிரம் முடிச்சுட்டு வா" என்றார் எரிச்சலோடு.

கதவைத் திறந்தவளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் கஞ்சிக் கிண்ணமும் கரண்டியும். வந்தவள் வாயைத் திறப்பதற்குள், "கார் விஷயமா?" என்றாள்.

"ஆமாங்க. ஐயாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும்."

"அப்பாவுக்குக் கை ஒழியலையே" என்றாள் அந்த மகள், வழிவிட்டபடி.

உள்ளறையில் டியூப்லைட் விட்டு விட்டு ரீங்கரித்துக்கொண்டிருந்தது. மருந்தும் கஞ்சியும் ஈரச் சுவரும் சேர்ந்த ஒரு வாடை. அதற்கு அடியில் அவளுக்கு நன்றாகப் பழகிப்போன இன்னொரு வாடை. எலும்பும் தோலுமாக ஒரு முதியவர் மரநாற்காலியில் வெறும் சுவரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் முன்னால், அந்தரத்தில், இல்லாத ஒரு வளையத்தைப் பற்றிக்கொண்டிருந்தன. மணிக்கட்டு மெல்லத் திரும்பியது. மூட்டு சொடுக்கியது. வலது பாதம் தரையை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தியது. பாதம் பட்ட இடத்தில் தரை ஓடு குழியாகத் தேய்ந்திருந்தது.

"ஓட்டிட்டிருக்கார்" என்றாள் மகள். "வாங்கின நாள்லேர்ந்து. வண்டி எங்க ஓடினாலும் இவர் ஓட்டியாகணும். வித்தா விட்டுடும்னு நெனச்சோம். விடல. விக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை முடியாம கையைக் கீழ விட்டுட்டார். அப்ப அம்மா அந்த வண்டியில இருந்தாங்க."

மகள் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், அழுது தீர்த்துவிட்டவள் போல.

கேட்டவளுக்கு எரிச்சல்தான் வந்தது. இத்தனை அலைச்சலும் இதற்குத்தானா? மனநிலை சரியில்லாத ஒரு கிழவர், அவரைச் சுற்றி ஒரு கதையைக் கட்டிக்கொண்டு ஒரு மகள். கையெழுத்தில்லாமல் இந்த வாசலைத் தாண்டப்போவதில்லை என்று முடிவு செய்தாள்.

"கை எப்ப ஒழியும்?"

"வண்டி நின்னா."

சரி, இவர்கள் வழிக்கே போவோம் என்று போனை எடுத்தாள். "ஏங்க, எங்கயாவது ஓரமா வண்டியை நிறுத்துங்க."

"இரு, பின்னாடியே ஒரு பஸ் வருது."

முதியவரின் கண்கள் மேலே ஏறின. கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தன. கைகள் இடது பக்கம் திரும்பின. பாதம் குழியில் இறங்கியது. போனுக்குள் பஸ்ஸின் ஹாரன் நீளமாக அலறிக் கடந்து போனது.

"நிறுத்திட்டேன். என்ன விஷயம்?"

முதியவரின் கைகள் சொத்தென்று மடியில் விழுந்தன.

அவள் பார்த்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு, பார்க்காதவள் போல் போனைத் துண்டித்துவிட்டு, பையிலிருந்து படிவத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள். தற்செயல். நான் நிறுத்தச் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும். கையெழுத்து வாங்கினால் முடிந்தது.

"யார் பேருக்கு மாத்தறீங்க?" என்றாள் மகள்.

"என் பேருக்கு."

"வீட்டுல வேற யாரும் இல்லையா?"

"வண்டி என்னோடது. வேற யார் பேருக்கு மாத்தணும்?"

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது. அவர்தான் ஓட்டுவார்."

மகள் அவளை நெடுநேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தகப்பனின் கைகளைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். பிறகு போய் ஒரு பேனாவைக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து, அவர் விரல்களுக்கு இடையில் வைத்தாள்.

"போட வேண்டாம்மா" என்றார் முதியவர். அவர் பேசுவார் என்று அவள் நினைக்கவே இல்லை. வறண்ட, மரியாதையான குரல். "எனக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். இப்படியே போகட்டும்."

"நான் எத்தனை நாளா அலையறேன் தெரியுங்களா? ஒரே ஒரு கையெழுத்து."

"அப்பா, போடுங்கப்பா" என்றாள் மகள்.

அவர் மகளைப் பார்த்தார். போட்டார்.

அவள் தாளைப் பிடுங்காத குறையாக எடுத்து, அந்த இடத்திலேயே தன் பெயருக்கு நேரே தானும் கையெழுத்திட்டாள். அப்பாடா என்றிருந்தது. பல நாட்களுக்குப் பிறகு நெஞ்சு லேசானது.

போன் அடித்தது.

"முடிஞ்சுதா? இங்க போலீஸ் விரட்டறான். நான் வண்டியை எடுத்துடறேன்."

உள்ளங்கையில் ஓர் அதிர்வு. இஞ்சின் உறுமும்போது வருமே, அதே அதிர்வு. போன் நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தாள். கைகள் கீழே வரவில்லை. மேலே ஏறின. தோள் உயரத்துக்கு. விரல்கள் மடங்கின. எதையோ பிடித்தன. வழவழப்பாக. வட்டமாக.

"ஹலோ? சரி, வெச்சிடறேன்" என்றது தரையிலிருந்து கணவரின் குரல்.

எடுக்காதீங்க. சொல்ல நினைத்தாள். நாக்கு புரளவில்லை. சுவர் இருந்தது. சுவருக்குள் ஈரச் சாலை இருந்தது. மறுபடி பிடித்த மழை கண்ணாடியில் வழிந்தது. துடைப்பான் போனது. வந்தது.

முதியவர் எழுந்து விலகிய நாற்காலியின் விளிம்பு முழங்காலின் பின்னால் இடித்தது.

"உக்காந்துக்குங்க" என்றாள் மகள், மிகவும் கனிவாக. "நின்னுட்டே ரொம்ப நேரம் முடியாது."

உட்கார்ந்தாள். பாதங்கள் தரையில் துழாவின. எதை மிதிப்பது. எதை விடுவது. சாலை வேகமாக வந்தது.

முதியவர் தன் கைகளை முகத்துக்கு முன்னால் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தரையில் மெல்ல அவள் காலடியில் உட்கார்ந்தார்.

"உள்ள இருக்கறது யாரும்மா?"

"என்... வீட்டுக்காரர்."

"அப்ப விட்டுடாத."

இரண்டு கைகளாலும் அவள் வலது பாதத்தைப் பற்றி, ஓட்டில் தேய்ந்திருந்த குழிக்குள் வைத்தார். அவள் பாதத்துக்கு அது பெரிதாக இருந்தது.

"இது பிரேக்" என்றார்.

வெறும் சுவரின் நடுவில் இரண்டு வெளிச்சங்கள் நேராக வந்துகொண்டிருந்தன.