முடியல

காலை எட்டு மணிக்கு இயல்நாள் நிலையத்தைத் திறப்பேன். அறுபதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து தரையில் உட்கார்ந்து எழ வேண்டும், குடம் தூக்க வேண்டும், பேச்சறியும் கருவி கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். பிறர் துணையில்லாமல் இன்னும் எத்தனை நாள் நடமாடுவார்கள் என்று கருவி கணிக்கும். அதுதான் இயல்நாள். அது இருக்கிறவருக்கு ஆபரேஷன் வரை இலவசம். இல்லாதவருக்கு வலி மாத்திரை. முடங்கப்போகிற உடம்புக்குச் செலவழிப்பது வீண் என்று, முடங்காத யாரோ கைதட்டி நிறைவேற்றிய சட்டம்.

எங்கள் உப்பளத் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கருவிக்கு எங்கள் பேச்சைக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். ‘முடியல’ என்றால் ‘செய்ய இயலாது’ என்று எழுதிக்கொடுத்தேன். படித்த திமிர்.

என் அம்மா சுடலைவடிவுக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும். போன செவ்வாய் சோதனைக்கு வந்தாள். “நலமா?” என்றது கருவி.

“ரெண்டு நாளா சளி. முடியலம்மா.”

தலைவலித்தாலும் முடியல, மாமியார் வாயைத் திறந்தாலும் முடியல என்பவர்கள் நாங்கள். கருவி இயல்நாள் பூஜ்யம் என்றது. ஆபரேஷன் ரத்து.

“நான் என்னட்டி சொல்லிட்டேன்?”

“நீ ஒண்ணும் சொல்லல. நான்தான் தப்பா எழுதிட்டேன்.”

“அப்ப அழிச்சி எழுது.”

“அடுத்த வருசந்தான் மாத்த விடுவாங்க.”

டாக்டர் கொடுத்திருந்த கெடு மூன்று மாதம்.

மறுசோதனை ஒன்றுதான் வழி. துணையில்லாமல் இருபது படி ஏறி இறங்க வேண்டும். யாராவது தொட்டால் தோல்வி.

இன்று வந்தாள். “பெத்தவளுக்கே பரீட்சை வைக்கிற மூஞ்சியப் பாரு” என்று சிரித்துக்கொண்டே ஏறினாள். பன்னிரண்டாம் படியில் உதடு கறுத்தது.

“போதும்மா, இறங்கு.”

“வாய மூடுட்டி. அதுக்குக் கேக்கும்.”

இருபதும் ஏறினாள். மேல்படியில் உட்கார்ந்து, கருவிக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்: “காத்து நல்லா வருது. இருந்துட்டு வாரேன்.”

கேமரா விளக்கு, சோதனை இன்னும் தொடர்கிறது என்று, பச்சையாகவே எரிந்தது. அம்மாவின் தலை மெல்லச் சுவரில் சாய்ந்தது. கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை. முதல் படியில் கால் வைத்தேன்.

வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் பதறினார். “தொட்டுராத தாயி! இறங்குறது மட்டுந்தான் பாக்கி!”

நான் தொடவில்லை.