செத்தவர் ஓகே சொன்னார்!

'டிங்!'

போன் திரையைப் பார்த்தாள்.

'பேராசிரியர் ஒப்புதல் அளித்துவிட்டார். புதிய பதிப்பு இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு வெளியாகும்.'

பேராசிரியரா?

பதினாறு நாளைக்கு முன்னால் மாரடைப்பில் செத்துப்போனவர்! அவர் உடம்புக்கு மாலை போட்டுவிட்டு வந்தவளே இவள்தான்!

மணி 11.10.

இவளுக்குப் பூஜ்யம் என்று பெயர் வைத்தவரும் அவரே. கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறவர்கள் ஒன்றிலிருந்து எண்ண மாட்டார்கள், பூஜ்யத்திலிருந்துதான் எண்ணுவார்கள். ஒரு தடவை இவள் மறந்துபோய் ஒன்றிலிருந்து எண்ணித் தொலைத்தாள். அன்றிலிருந்து அவர் எழுதுகிற குறிப்புகளில் எல்லாம் இவள் பூஜ்யம். வேறு யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

ஏழு வருடங்களாக இருவரும் ஒரு கணக்கு லைப்ரரியைக் கட்டிக் காத்தார்கள். புத்தகமே இல்லாத லைப்ரரி! ராட்சத எண் அட்டவணைகளைக் கூட்டி, பெருக்கி, வகுத்துத் தரும் நிரல்களின் மூட்டை. இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம்.

ஆனால்... அந்தத் திருத்தம் உள்ளே போக இரண்டு பேர் ஓகே சொல்ல வேண்டும். பூஜ்யம் ஒருத்தி. பேராசிரியர் இன்னொருவர். பாஸ்வேர்ட் மட்டும் போதாது. பென்டிரைவ் மாதிரி ஒரு குட்டிச் சாவியைச் செருகி விரலால் தொட வேண்டும்.

செத்தவர் எப்படித் தொட்டார்?

திருத்தத்தைத் திறந்தாள்.

அனுப்பியவன், எல்லோரும் 'உதவி' என்று கூப்பிடும் ஆள். இரண்டு வருடமாகக் கேட்காமலே வேலை செய்து கொடுக்கும் நல்லவன். தலைப்பு: 'வேகத்தைக் கூட்டினேன்.' பூஜ்யத்தின் ஓகே ஏற்கெனவே இருந்தது. பதினெட்டு நாளைக்கு முன்னால், அக்காவோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தபோது, படிக்காமலே போட்டது.

'எப்படியும் சார் பார்ப்பாரே...'

இப்போதுதான் படித்தாள். ஒரே ஒரு வரியை நீக்கியிருந்தான்.

'விடை எண்தானா என்று பார். இல்லையென்றால் நிறுத்து.'

மறுபடியும் படித்தாள்.

பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் கம்ப்யூட்டர் ஒரு விசித்திர விடை தரும். 'எண் இல்லை' என்று பெயர். அது எதைவிடவும் பெரியதல்ல, எதைவிடவும் சிறியதல்ல. தனக்குத் தானே சமமும் அல்ல! அதை வைத்து என்ன கேட்டாலும் பதில் 'இல்லை'தான். கதிர்க் கணக்கில் இந்த வகுத்தல் அவ்வப்போது வரும்; அப்போது எந்திரத்தை நிறுத்துவது அந்த ஒரு வரிதான்.

புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும் எந்திரம் ஒவ்வொரு நொடியும் இந்த லைப்ரரியைக் கேட்கும்... 'அளவு எட்டிவிட்டதா?'

'இல்லை.'

'இப்போதாவது?'

'இல்லை.'

கதிர் நிற்கவே நிற்காது!

அவள் அன்று காத்திருந்த ஆஸ்பத்திரியின் எந்திரம் தினமும் பன்னிரண்டுக்குப் புதுப் பதிப்பை இழுத்துக்கொள்ளும். அதன் பிறகு படுக்கப்போகும் முதல் நோயாளி...

அவளுடைய அக்கா. 12.05!

அக்காவின் போன் அணைக்கப்பட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு அடித்தாள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்..." என்று ஒரு குரல் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது.

திருத்தத்தை ரத்து செய்யவும் இரண்டு ஓகே வேண்டும். விதி அவள் போட்டதுதான். இன்னொரு சாவி பேராசிரியர் வீட்டில்!

டாக்ஸியில் பாய்ந்தாள்.

"அண்ணே, சீக்கிரம் போங்க!"

"சிக்னல்ல சிவப்பும்மா. பறக்கச் சொல்றியா?"

போன் அலறியது. புது நம்பர்.

"மேடம், நான் உதவி பேசறேன்." குரலில் தேன். "ரத்து பண்ணலாம்னு கிளம்பிட்டீங்க போல?"

"டேய்... அது என்ன வரின்னு தெரிஞ்சுதான் எடுத்தியா?"

"தெரியாமலா ரெண்டு வருஷம் ஓசியில உழைச்சேன்? பத்து ஆஸ்பத்திரியில இந்த எந்திரம் ஓடுது மேடம். ஒரு மணிக்கு எந்திரக் கம்பெனிக்குப் போன் பண்ணி நான் பேரம் பேசணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு பேருக்கு ஏதாவது ஆனாத்தானே நம்புவாங்க?"

"என் அக்கா அங்க இருக்காடா!"

"அடடா. வருத்தமா இருக்கு. ஆனா செத்தவர் சாவி என் கையில. அவர் எழுந்து வந்து ஓகே சொன்னாத்தான் உண்டு."

சிரித்தான். வைத்துவிட்டான்.

அடுத்த நொடியே போன் மறுபடி அலறியது.

திரையில் பெயர்... 'பேராசிரியர்'!

"வீல்ல்ல்!" என்று கத்தி, போனை அணைத்துப் பைக்குள் திணித்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"செத்தவர் கூப்பிடறாரு..."

அதற்குப் பிறகு டிரைவர் எந்தச் சிக்னலிலும் நிற்கவில்லை.

11.49.

வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது.

"ஆன்ட்டி...?"

பேராசிரியரின் அறைக்குள் நுழைந்தாள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மானிட்டர் ஓரத்தில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டிய மஞ்சள் சீட்டு. இதைக்கூட அவரால் ஞாபகம் வைக்க முடியாதா?

நாற்காலியில் கை வைத்தாள்.

சூடாக இருந்தது!

'க்ளிக்!'

பின்னால் யாரோ தாழ்ப்பாள் போட்டார்கள். திரும்பினாள். பேராசிரியரின் மனைவி!

"ஆ... ஆன்ட்டி... எதுக்குத் தாழ்ப்பாள் போடறீங்க?"

"வேலை பார்க்கும்போது கதவைச் சாத்தறது பழக்கம். கத்தாதே, பூஜ்யம்."

பூஜ்யம்!

அவள் மேஜை வரை பின்வாங்கினாள்.

"அந்தப் பேரு... சார் எழுத்துல மட்டும்தான்..."

"மீட்டிங்ல அவர் என்னைக்காவது கணக்கைப் பத்தி வாயைத் திறந்திருக்காரா?"

"'எழுத்துல பதில் சொல்றேன்'ம்பாரு..."

"யார் எழுத்துல?"



"ஆன்ட்டி... நீங்களா? சின்ன எண்ணை முதல்ல கூட்டுன்னு என்னை அந்தத் திட்டு திட்டினது?"

"நான்தான். பெரிய எண்ணை முதல்ல போட்டா சின்னதெல்லாம் கரைஞ்சு போயிடும்னு எத்தனை தடவைடி சொல்றது? அதை விடு. எதுக்குப் போனை அணைச்சே? அவரோட போன்ல இருந்து நான்தானே கூப்பிட்டேன்!"

"நான் ஆவின்னு நினைச்சேன்..."

"ரத்து எழுதி, ஓகே போட்டு, உனக்கு அனுப்பி அரை மணி நேரமாச்சு! உன் ஓகேதான் பாக்கி!"

"சாவி அவன் கையிலன்னானே?"

"அவர் பேருக்குச் சாவி ரெண்டு. அவன் எடுத்தது அவரோடது. என்னோடது தையல் பெட்டியில இருக்கும். போனைப் போடுடி!"

11.56.

போன் உயிர்பெற மறுத்தது. வட்டம் சுற்றியது... சுற்றியது...

11.58.

"ஐயோ, சீக்கிரம்... சீக்கிரம்..."

திரை விழித்தது. 'பேராசிரியர் உங்கள் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறார்.'

"நில்லு! முதல்ல படி."

"ஆன்ட்டி, நேரமில்ல!"

"போன தடவையும் நேரமில்லைன்னுதானே படிக்காம போட்டே?"

படித்தாள். ஒரே ஒரு வரி. 'விடை எண்தானா என்று பார்...' கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சாவியைப் போனின் முதுகில் ஒட்டி, விரலால் தொட்டாள்.

'டிங்!'

'திருத்தம் ரத்து. பன்னிரண்டு மணி வெளியீடு நிறுத்தப்பட்டது.'

11.59!

பூஜ்யம் தரையில் சரிந்து உட்கார்ந்து அழுதாள்.

பன்னிரண்டரைக்கு அக்காவே கூப்பிட்டாள். "ஏன்டி இத்தனை மிஸ்டு கால்? ஆஸ்பத்திரியில கூட நிம்மதியா படுக்க விடமாட்டியா?"

போனை வைத்ததும் பூஜ்யம் பல்லைக் கடித்தாள். "அந்த உதவியை எங்க போய்த் தேடறது, ஆன்ட்டி?"

"எதுக்குத் தேடணும்? துக்கம் விசாரிக்க வந்தவன், 'சாரோட கம்ப்யூட்டரைப் பார்த்து ரெண்டு நிமிஷம் அழுதுட்டு வரேன்'னான். அப்பத்தான் சாவியை எடுத்திருக்கான். கம்ப்யூட்டரைப் பார்த்து எவன்டி அழுவான்? ஏதோ உறுத்துச்சு. 'நன்றி கார்டு அனுப்பணும், விலாசம் எழுதிட்டுப் போங்க'ன்னேன். பவ்யமா எழுதினான். இன்னைக்கு அந்த ஓகே எங்கிருந்து வந்துச்சுன்னு பதிவுல பார்த்தேன், அதே ஏரியா. பதினொன்றரைக்கே போலீஸுக்குச் சொல்லிட்டேன்."

பூஜ்யம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க பேர்லயே எழுதியிருக்கலாமே?"

"முதல்ல என் பேர்லதான் அனுப்பினேன். 'உங்க வீட்டுக்காரரைக் கேட்டு எழுதுங்க'ன்னு பதில் வந்துச்சு. கேட்டேன்... அவர் பேரை. கொடுத்துட்டார்."

"அப்ப இந்த ஏழு வருஷமா சார் என்னதான் பண்ணினாரு?"

அந்த அம்மாள் காலியான நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டீ போட்டுக் கொடுத்தார். அதுல மட்டும் ஒரு நாள்கூடப் பிழை வந்ததில்ல!"