கால்வாசி அளவு

தொண்ணூற்றாறு படங்களையும் கணினியில் ஒரே அழுத்தில் கால்வாசியாகச் சுருக்கியிருந்தான். சோபா சுருங்கியிருந்தது. சுவர்க் கடிகாரம் மிளகளவாகியிருந்தது. மாமா மட்டும் சுருங்கவில்லை.

செத்தும் இடத்தை அடைக்கிற மனுஷன், என்று நினைத்துக்கொண்டான்.

உயிரோடிருந்தபோது அக்காவின் கணவர் மூன்று பேர் உட்காரும் சோபாவில் ஒற்றை ஆளாகப் பரந்து கிடந்து, “பொம்மைப்படம் பண்றதெல்லாம் ஒரு பொழப்பாடா மச்சான்?” என்று கேட்டுவிட்டு, வயிறு குலுங்கத் தானே சிரித்துக்கொள்வார். இப்போது அந்தப் பொம்மைப்படக்காரன்தான் வேண்டியிருந்தது. சோபாவிலிருந்து அவர் எழுவதை அக்கா கைபேசியில் சரசரவென்று எடுத்த படங்கள் இவை. அவளிடம் அவருடைய படம் வேறில்லை. வரிசையாக ஓடவிட்டு, மாமா எழுந்து நிற்பதுபோல் செய்துதரச் சொல்லியிருந்தாள். ஐந்து மணிக்கு வருவாள்.

பழைய படங்களை அழித்து, சுருக்கியவற்றை அவற்றின் இடத்திலேயே சேமித்திருந்தான். அந்த மூஞ்சிக்கு நகல் ஒன்றுதான் குறைச்சல்.

அடுத்த படத்தைத் திறந்தான். மாமாவின் தலை படத்தின் மேல்விளிம்பில் இடித்து மடங்கியிருந்தது. அதற்கடுத்ததில் தோள்கள் இரு பக்கமும் நெரிந்திருந்தன. மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில், பாரம் தாங்காத கட்டில் முனகுவதுபோல் ஏதோ முனகியது. அவருடைய சவர சோப்பும் வியர்வையும் கலந்த வாடை மேசையைச் சுற்றிக் கனத்தது. கடைசிப் படத்தில் முட்டிகள் மார்பில் அழுந்தியிருந்தன. கன்னம் கண்ணாடியில் ஒட்டியதுபோல் தட்டையாகியிருந்தது. ஒரு கண் தெரிந்தது.

அது அவனைப் பார்த்தது.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம்.

“டேய், முடிச்சிட்டியா? இன்னைக்காவது சொன்ன நேரத்துக்குக் குடுப்பியா?” அக்காவின் குரல்.

நான்கு மடங்கு பெரிதாக்கச் சொல்லி அழுத்தினான்.

சோபா வந்தது. கடிகாரம் வந்தது.

மாமா இல்லை.

தொண்ணூற்றாறிலும் இல்லை.

முதுகுப் பக்கம் வெளிச்சம் மங்கியது. ஜன்னல் அங்கேதான் இருந்தது.

அக்கா அறை வாசலில் நின்றாள். அவனைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலே, கூரைவரை பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“எவ்வளவு நேரம் குனிஞ்சே நிப்பீங்க?” என்றாள். “உக்காருங்களேன்.”

அவன் தோளில் கூரையின் சுண்ணாம்பு உதிர்ந்தது.

பின்னால், மெதுவாக, முட்டிகள் மடங்கத் தொடங்கின.