துண்டு போர்த்திய கண்ணாடி

யாஷ் நகர ஆஸ்பத்திரியில் எனக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. பக்கத்துக் கட்டிலில் புரோஃபீரா. டிராம் ஓட்டுகிறவள், பிள்ளையில்லாதவள். இருவருக்கும் ஒரே நோய்: காதுக்குக் கீழே, உமிழ்நீர்ச் சுரப்பியில், லட்சத்தில் ஒருவருக்கு வரும் புற்று.

“நமக்கு லாட்டரி விழுந்திருக்கு பாரு, கோழிக்குஞ்சு,” என்று வலது கண்ணைச் சிமிட்டுவாள். அவளுக்கு எல்லாருமே கோழிக்குஞ்சுதான்.

முதலில் எனக்கு அறுவை நடந்தது. “கட்டி முகநரம்பைச் சுத்திக் கிடந்துச்சும்மா. நரம்பை அறுக்காம உரிச்சு எடுத்துட்டேன். இனி அது முழிச்சுக்கணும்,” என்றார் டாக்டர் மொராரு.

அது முழிக்கவில்லை. வலது பக்க முகம் தொங்கிப்போனது. பார்க்க வந்த என் ஐந்து வயது ஸ்மராண்டா வீறிட்டு, அப்பா முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. ஞாயிறு மறுபடி வருவாள். அதற்குள் நான் சிரித்தாக வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று, உதட்டை விரலால் தூக்கித் தூக்கிப் பழகினேன்.

சனிக்கிழமை காலை புரோஃபீரா செத்துப்போனாள். அறுவைக்கு அவள் முறை வரவேயில்லை. ஆயா சஃப்தா கண்ணாடிமேல் துண்டைப் போர்த்தினாள்.

“அடக்கம் ஆகிற வரைக்கும் எடுக்காத. போற உசுரு அதுல மாட்டிக்கும்.”

“நாளைக்கு என் பொண்ணு வர்றாக்கா.”

“அதுக்குள்ள உன் மூஞ்சி எங்க ஓடிடப்போவுது?”

அவள் தலை மறைந்ததும் துண்டை இழுத்தேன். பெற்ற பிள்ளையே என்னைக் கண்டு அலறும்போது, செத்தவளுக்காகக் காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை.

சிரித்தேன்.

வலது உதடு ஏறியது.

புரோஃபீரா பூசும் கற்பூரத் தைலத்தின் வாசனை பக்கத்தில் அடித்தது.

வலது கண் சிமிட்டியது. நான் சிமிட்டவில்லை.

ஆனாலும் துண்டை மறுபடி போர்த்தவில்லை.

“இருந்துக்கோ,” என்று கிசுகிசுத்தேன். “நாளைக்கு மட்டும்.”

ஞாயிறன்று ஸ்மராண்டா வாசலிலேயே தயங்கி நின்றாள். முழு முகத்தோடு சிரித்தேன். ஓடி வந்து மடியில் ஏறிக்கொண்டாள். எனக்கு அழுகை பொங்கியது. இடது கன்னத்து ஈரத்தைத் துடைத்துவிட்டாள்.

“இது அம்மா.”

வலது கன்னத்தைத் தொட்டாள். அது அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தது.

“இது யாரு?”

நான் வாயைத் திறக்கவில்லை. வலது ஓர உதடு மட்டும் பிரிந்தது.

“நீ என் கோழிக்குஞ்சு.”